இரண்டு பக்கமும் பொத்தான்

பழைய வீடியோ கேம் பெட்டிகளுக்கு நானே புதிதாக ஒரு ஜாய்ஸ்டிக் செய்தேன். பழையதில் பொத்தான் இடது பக்கம் மட்டும்தான் இருக்கும். என் மனைவிக்கு இடது கைப் பழக்கம்; குச்சியை இடது கையால் ஆட்டினால், பொத்தானை அழுத்த வலது கை குறுக்கே வரவேண்டும். அவள் ஆடத் திணறுவதைப் பார்த்துத்தான் இரண்டு பக்கமும் பொத்தான் வைத்தேன். தண்ணீர்மலை முருகன் சந்நிதியில் வைத்துக் கும்பிட்ட பிறகே வெளியே காட்டினேன்.

தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் கூட்டாளி, கேம் சாமான் விற்கும் கடைக்கு என்னை அழைத்துப் போனான். அங்கே என் முன்னாலேயே, "இது நான் கண்டுபிடிச்சது" என்று கடைக்காரரிடம் சொன்னான். அப்போது நான் தைப்பூச விரதம். காவடி எடுப்பவன் சண்டை போடலாமா? வாயைத் திறக்கவில்லை.

பூசம் முடிந்து கடைக்குப் போய், "அது நான் செஞ்சதுண்ணே" என்றேன்.

"அன்னைக்குப் பக்கத்துலதானே நின்னே தம்பி? அப்பவே சொல்லியிருக்கலாம் லா. அவன்கிட்ட ஆர்டர் கொடுத்தாச்சு."

வீட்டில் மனைவி கேட்டாள்: "முருகனுக்குத் தெரியும்னு சும்மா இருந்துட்டீங்க. கடைக்காரருக்கு யாரு சொல்றது?"

இந்த வருஷமும் விரதம் இருக்கிறேன். அவனும் இருக்கிறான். மலைப்படியில் என்னைப் பார்த்தால் சிரிக்கிறான். விரதமாச்சே என்று நானும் சிரித்து வைக்கிறேன்.