ஏணைக்குள் அடங்காத சப்பாத்து

“உவவோ டொக்டர்? பிள்ளையை விட அவதான் கூடப் பயப்பிடுறா.”

கிளினிக் வாங்கில் காத்திருந்த யாரோ என்னைப் பற்றிச் சொன்னது. மறுக்க முடியவில்லை. சிறுபிள்ளைகளின் எலும்பைப் படிக்க வந்தால் முதலில் வருவது அழுகை, அதன் பின்னால் அம்மா, கடைசியில்தான் எலும்பு. பிள்ளைகளோடு வேலை செய்து களைத்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பத்து

றெஜினா அக்கா முல்லைத்தீவுக் கரையிலிருந்து கைக்குழந்தையோடு வந்தார். புளியங்குளத்தில் பஸ் பழுதாகி, கடைசி ஆளாக. மகனின் இரண்டு பாதங்களும் உள்ளே திரும்பியிருந்தன. இதற்குக் காலை மெல்லத் திருப்பிப் பிடித்து, எலும்பு முறிவுக்குப் போடும் மாவுக்கட்டைப் போலப் பத்துப் போடுவோம். கிழமைக்கொரு தரம் அதை வெட்டி எடுத்து, இன்னும் கொஞ்சம் திருப்பிப் புதிதாகப் போடுவோம். என்னைப் பழக்கிய பெரிய டொக்டர் காலைப் பிடிக்க, நான் ஈரத்துணியைச் சுற்றினேன். அவன் என்னை முழுதாக நனைத்தான்.

“கோவிக்காதேங்கோ டொக்டர், இவன்ர ஞானஸ்நானத்துக்கு முந்தி உங்களுக்கு முடிஞ்சுபோச்சு.”

சப்பாத்து

கால்கள் நேராகின. உண்மையான பாடு அதற்குப் பிறகுதான். இரண்டு காலுக்கும் போடுகிற சப்பாத்துகளை ஒரு கம்பி இணைத்திருக்கும். முதல் மாதங்களில் இரவும் பகலும், பிறகு நான்கு வயது வரை நித்திரையில் போட வேண்டும். விட்டால் கால் பழையபடி திரும்பும். இதையெல்லாம் நான் மேசையைப் பார்த்தபடி சொல்லி முடித்தேன். அவர் எல்லாவற்றுக்கும் ஓம் என்றார்.

அடுத்த முறை வலது பாதம் உள்ளே திரும்பத் தொடங்கியிருந்தது. சப்பாத்து ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்டேன்.

“ஓம் டொக்டர், நித்திரையாக்கேக்க மட்டும் கழட்டுறனான்.”

ஏணை

மற்றவர்கள் போகும்வரை அவரை இருக்கச் சொன்னேன். கூட்டத்தில் கேட்க எனக்கும் வராது, சொல்ல அவருக்கும் வராது. பிள்ளை சேலையில் கட்டித் தொங்கவிட்ட ஏணையில் மட்டும்தான் தூங்குவான். சேலை இரண்டு பக்கமும் ஒடுங்குவதால் கம்பி அதற்குள் அடங்காது. பாயில் கிடத்தலாமே என்றேன். வீடு ஒரே அறை. புருஷன் இரவில் கடலுக்குப் போய், பகலில் அதற்குள்தான் படுப்பவர்.

“இவன் கத்தினால் அவருக்கு நித்திரையில்லை. நித்திரை முழிச்ச ஆளை எப்பிடிக் கடலுக்கு அனுப்பிறது, டொக்டர்?”

வலது காலுக்கு மறுபடி பத்துப் போட்டோம். இனியும் திரும்பினால் கத்தி வைக்கத்தான் வேண்டும் என்று பெரிய டொக்டர் சொல்லிவிட்டார்.

பாய்

பத்து முடிந்து, சப்பாத்தோடு அனுப்பிய பின் வந்த கிளினிக்குக்குப் புருஷனும் வந்திருந்தார். நான் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நேராகவே இருந்தது. இப்போது எங்கே தூங்குகிறான் என்று கேட்டேன். பாயில்தான், முதல் நாட்களில் அயலெல்லாம் கேட்கக் கத்தினானாம். அப்படியென்றால் தகப்பனின் நித்திரை?

“அதை அவரையே கேளுங்கோ, வீட்டை விட்டுப் போன ஆள்.”

அவர் குனிந்து மகனுக்குச் சப்பாத்தை மாட்டத் தொடங்கினார். றெஜினா அக்காதான் சொன்னார். பத்து வெட்டிய அன்றே அவர் ஏணைக் கயிற்றைக் கூரை வளையிலிருந்து அவிழ்த்துத் தோணியில் போட்டுவிட்டு, தன் பாயைச் சுருட்டிக்கொண்டு, கரையில் வலை வைக்கிற வாடிக் கொட்டிலுக்குப் படுக்கப் போயிருந்தார்.