டீ போதும் என்று சொன்ன பொய்

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் இருந்தோம். மில் வேலைக்குப் போய்வந்த என் கணவருக்குத் தீராத அசதி, மூட்டுவலி. ரத்தக்குறைவு என்று நானாகவே முடிவுகட்டி, இரும்புச்சத்து டானிக் வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு மதுரையில் சோதித்தோம். அவருக்கு லீவு கிடைக்காததால் முடிவு கேட்க நான் மட்டும் போனேன். பரம்பரைக் கோளாறால் உடம்பில் இரும்பு அளவுக்கு மீறிச் சேர்ந்திருக்கிறதாம்.

"டானிக்கை நிறுத்துங்க. அடிக்கடி ரத்தம் எடுத்து வெளியேத்தணும். சாப்பாட்டோட பால் விடாத டீ குடிச்சா, இரும்பு சேர்றது கொஞ்சம் குறையும். ஆனா அது துணைக்குத்தான்" என்றார் டாக்டர்.

துவண்டு கிடக்கிற மனுஷனிடம் ரத்தம் எடுப்பதா என்று எனக்குப் பயம்.

"ஏட்டி, டாக்டர் என்ன சொன்னாரு?" என்று வீட்டில் அவர் கேட்டார்.

"சாப்பாட்டோட டீ குடிச்சாலே சரியாப் போயிருமாம்" என்று கூசாமல் சொன்னேன். என்னை நம்பி, மூன்று வேளையும் அந்தக் கசப்பைக் குடித்தார்.

எட்டு மாதம் கழித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் கொழுந்தன் வீட்டு விசேஷத்தில், பந்தியிலேயே மயங்கி விழுந்தார். மதுரைக்குக் கொண்டுபோனோம். ஈரல் வீங்கியிருந்தது.

"ரத்தம் எடுக்க ஏன் வரல?" என்று டாக்டர் அதட்டினார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். "நாந்தான் பயந்துட்டேன் சார்" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

நல்லவேளை, அடிக்கடி ரத்தம் எடுத்ததில் பிழைத்துக்கொண்டார். கொழுந்தனையும் சோதிக்கச் செய்தோம். இப்போதெல்லாம் டாக்டர் சொல்வதைத் தாளில் எழுதி வாங்கி, மடிக்காமல் என் கணவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.