ரமேஷின் ஷிப்டில் சத்தமே இல்லை

ஸ்வேதா, பிரவீண், "ஆபீஸ்லோ ஏம் சேஸ்தாவு டாடி?" என்று நீங்கள் தெலுங்கில் கேட்கும்போதெல்லாம், "ஆள் எடுக்கிறேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். இன்று முழுதாக எழுதுகிறேன். தமிழில் இருக்கிறது, மெதுவாகப் படியுங்கள்.

1. குஷாய்குடா போன்

சைனிக்புரியில் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு அட்மின் வேலை. அட்டெண்டர் சேர்க்கும்போது ஆதார், போலீஸ் வெரிஃபிகேஷன், பழைய இடத்துக்கு ஒரு போன். மூன்றும் சரி என்றால் டிக் போட்டுவிடுவேன். பெரியவர்களை அடிக்கிற ஆளை இதிலேயே வடிகட்டிவிடலாம் என்று நம்பினேன்.

ரமேஷ் வந்தான். போலீஸ் பேப்பர் சுத்தம். அவன் முன்பு இருந்த குஷாய்குடா இல்லத்துக்குப் போன் போட்டேன். அங்கே மேனேஜரும் தமிழர்தான்.

"ஹவ் சார், ஆமா, டைமுக்கு வருவான். லீவே போடமாட்டான்."

"கம்ப்ளெயின்ட் ஏதாவது?"

அவர் தொண்டையைச் செருமினார். "அவன் ஷிப்டுல பெரியவங்க சத்தமே போடமாட்டாங்க சார்."

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் இல்லத்தில், பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற சுபேதார் ஐயா இருக்கிறார். பக்கவாதத்தில் ஒரு கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறும். ஆனால் குரல் கேட் வரை கேட்கும். டீ ஆறியிருந்தால் டம்ளரைக் கட்டிலில் தட்டித் திட்டுவார். ரமேஷ் சேர்ந்த இரண்டாவது வாரம் அது நின்றது.

"என்னப்பா மந்திரம் போட்டே?" என்று சிரித்தேன்.

"அன்பா சொன்னா கேப்பாங்க சார்."

ஒரு நாள் ஐயாவின் குல்லா சரிந்திருந்தது. சரிசெய்யக் கையைத் தூக்கினேன். நல்ல கையால் தலையை மூடிக்கொண்டார். சட்டையை விலக்கிப் பார்த்தேன். முதுகில் விரல் விரலாகக் கன்றியிருந்தது.

2. உப்பல் போன்

ஓனரிடம் சொன்னேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "போலீஸெல்லாம் நக்கோ, வேணாம். வெளிய தெரிஞ்சா பிள்ளைங்க நாளைக்கே அவங்கவங்க அப்பாவைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. லெட்டர் குடுத்து அனுப்புங்க."

எழுதினேன். நன்னடத்தை என்று, என் கையெழுத்தில்.

பத்து நாளில் உப்பலில் ஓர் இல்லத்திலிருந்து ஒரு மேடம் போன் செய்தார். ரமேஷ் அங்கே வேலை கேட்டிருக்கிறான். எங்கள் ஓனர் என் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"டைமுக்கு வருவார் மேடம்," என்றேன். கம்ப்ளெயின்ட் உண்டா என்று கேட்டார். நானும் தொண்டையைச் செருமினேன். பிறகு, இல்லை என்றேன். மறுநாளே சேர்த்துக்கொண்டார்கள்.

குஷாய்குடா மேனேஜரை அதுவரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அதன்பிறகு முடியவில்லை. வேலை போய்விடும் என்று பயம். உங்கள் பள்ளிக்கூட ஃபீஸைக் காரணம் காட்டமாட்டேன்.

கற்றது இதுதான்: டிக் போடுவது விசாரிப்பு இல்லை. பெரியவர்கள் அடங்கிப்போனால் ஏன் என்று கேட்க வேண்டும். இப்போது தெரிந்து என்ன? ரமேஷ் போன பிறகும் சுபேதார் ஐயா ஆறின டீயைப் பேசாமல் குடித்துவிடுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட் என்று உங்களிடம் சொல்லிவிட்டு உப்பலுக்குப் பஸ் ஏறினேன். அந்த இல்லத்தின் கேட்டில் நின்றேன். காலை பதினொரு மணி. முப்பது பேர் இருக்கிற இடம். உள்ளே ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை.

காலிங் பெல்லை அழுத்தினேன்.