ஆட்சேப மனுவில் ஒரு வரி

ஈப்போவை அடுத்த லகாட் பக்கத்தில் இருக்கும் அந்தத் தாமான் குடியிருப்புக்குக் கலாதேவி குடிவந்து இருபத்தாறு வருடங்கள் ஆகின்றன. பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார், மகளுக்கு ஜொகூரில் வேலை. சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் "ஈப்போதான்" என்பார். தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில், பிறந்ததையும், அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரம் சீவியதையும் அந்தத் தெருவில் ஒருவரிடமும் அவர் சொன்னதில்லை.

போன வருடம் தாமானுக்குப் பின்னாலுள்ள காலி நிலத்தில் ஓர் அறிவிப்புப் பலகை முளைத்தது. தனி வீடுகளுக்கென்று ஒதுக்கியிருந்த நிலம் அது. அதை மாற்றிப் பத்து மாடியில் நான்கு கட்டடங்கள், அத்தனையும் மலிவு விலை வீடுகள், கட்டப் போகிறார்களாம். ஆட்சேபம் இருந்தால் ஒரு மாதத்துக்குள் எழுதித் தரலாம். தெருவே கொதித்துப் போனது. வெளியே போக ஒரே பாதை. மழை வலுத்தால் இப்போதே சாக்கடை வழிந்து வாசலுக்கு வருகிறது.

குடியிருப்போர் சங்கத் தலைவர் ஸ்கந்தராஜா, ஓய்வுபெற்ற பொறியாளர், நேரே கலாதேவி வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, மலாயில வடிவா எழுதக்கூடியவர் நீங்கள்தான். ரோட்டையும் சாக்கடை டிரெயினையும் மட்டும் எழுதுங்கோ. வாற ஆக்களைப் பற்றி ஒண்டும் வேண்டாம்."

கலாதேவி எழுதினார். எழுதி முடித்துப் படித்தபோது மனு சப்பென்று இருப்பதுபோல் பட்டது. யாரும் சொல்லாமல், தானாகவே கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: "தோட்டங்களிலிருந்து வரும் இத்தகையோரால் குடியும் திருட்டும் பெருகும், எங்கள் பெண்பிள்ளைகள் நிம்மதியாக நடமாட முடியாது." கலாதேவி எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று ஸ்கந்தராஜா படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள்.

விசாரணை நாளன்று மாநகர் மன்றத்தின் கூட்ட அறை நிறைந்திருந்தது. வீடு கேட்டு விண்ணப்பித்திருந்தவர்களும் வந்திருந்தார்கள். கலாதேவிக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்த பெண் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"ஏய், நீ நம்ம ராமையா அண்ணன் மவ கலாதானே?"

ராக்காயி. அதே லயத்தில் இருந்தவர், கலாதேவியைவிட ஆறு வயது மூத்தவர். கலாதேவி பள்ளி இறுதியான ஐந்தாம் படிவம் படித்த வருடம் தோட்டத்துக்குள் பஸ் வருவது நின்றுபோனது. மூன்று மைல் தள்ளி இருந்த பெரிய ரோடு வரைக்கும் அவரைத் தினமும் சைக்கிளில் கொண்டுபோய் விட்டது இந்த ராக்காயிதான். திரும்பி வந்து பெரட்டுக்கு, காலை ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்க நேரமாகிவிட்டதென்று வேலை வாங்கும் மண்டோர் இரண்டு தடவை அவருக்கு வேலை இல்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருக்கிறான்.

"நீயும் எங்களுக்காகப் பேசத்தான் வந்திருக்கியா?" என்று கேட்டார் ராக்காயி.

கலாதேவி தலையை எப்படியோ அசைத்தார். ராக்காயி அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

"இன்னும் அந்த லயத்துலதான் இருக்கோம். தோட்டத்த வித்துட்டானுங்க. காலி பண்ணச் சொல்லி ரெண்டு வாட்டி சூராட்டுக் கடுதாசி வந்துருச்சு. இங்க வீடு கெடைச்சா நிம்மதி லா."

அதிகாரி மனுவை வாசிக்கத் தொடங்கினார். கடைசி வரியையும் நிறுத்தி, தெளிவாக வாசித்தார். முன்வரிசையில் இருந்த ஸ்கந்தராஜா திரும்பிக் கலாதேவியைப் பார்த்தார்.

அந்த அலுவலக மலாய் ராக்காயிக்குப் பிடிபடவில்லை. "தோட்டம்னு என்னமோ படிச்சாரே, என்னா சொல்றாரு?"

"ரோடு ஜாம் ஆவும்னு சொல்றாங்கக்கா."

"தோட்டம்னு காதுல விழுந்துச்சே?"

"தோட்டத்துலேருந்து வர்றவங்களுக்குப் பஸ் வசதி இல்லைன்னு..."

"அதுவும் நியாயந்தான் லா," என்றார் ராக்காயி.

மனு எழுதியவர் பேசலாம் என்று அதிகாரி கலாதேவியின் பெயரைக் கூப்பிட்டார். ராக்காயி அவர் முதுகில் தட்டி, "போ, நல்லாப் பேசு" என்றார். கலாதேவி எழுந்து ரோட்டைப் பற்றியும் சாக்கடையைப் பற்றியும் பேசினார். அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்ததும் ராக்காயி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். விசாரணை முடியும் வரை விடவில்லை. அந்தக் கை இன்னும் மரப்பட்டைபோல் சொரசொரப்பாக இருந்தது.

விசாரணை முடிந்த ஐந்தாம் நாள் கலாதேவி தோட்டத்துக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனார். பாதி லயம் இடிந்து கிடந்தது. ராக்காயியின் மருமகள் பிரமிளா கதவைத் திறந்தாள். விசாரணையில் பின்வரிசையில் இருந்தவள், மலாய் படித்தவள். வாங்க என்று சொல்லாமல் ஒதுங்கி வழிவிட்டாள்.

"அக்கா, அந்த மனுவ எழுதினது நான்தான்," என்றார் கலாதேவி, நின்றபடியே.

"தெரியும். அன்னைக்கே பிரமிளா சொல்லிட்டா." ராக்காயி காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "ரோடு, டிரெயினு எழுதினே, சரி. ஒங்க எடம், நானா இருந்தாலும் எழுதுவேன். குடிகாரன், திருடன்னு எழுதினே, அதக்கூட விடு. ஆனா நான் கேட்டப்ப ஏன் மாத்திச் சொன்னே? இவளுக்கு எங்க வெளங்கப் போவுதுன்னுதானே?"

மன்னிப்புக் கேட்கக் கலாதேவி ஒத்திகை பார்த்து வந்த வார்த்தைகள் ஒன்றும் அந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ," என்றார் ராக்காயி. கலாதேவி குடித்தார்.

அடுத்த வாரம் அவர் மன்றத்துக்கு இன்னொரு கடிதம் எழுதினார். அந்த வரி தன் ஒருத்தியுடையது, அதைத் திரும்பப் பெறுகிறேன், நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான் என்று. அதைச் சங்கக் கூட்டத்தில் எழுந்து வாசித்துக் காட்டினார். ஸ்கந்தராஜா தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நானும் படிக்காமல் கையெழுத்து வச்சது பிழைதான்" என்றார். எதிர்வீட்டுக்காரி மட்டும் அன்றிலிருந்து கலாதேவியோடு பேசுவதில்லை.

ஆறு மாதம் கழித்து முடிவு வந்தது. பத்து மாடி ஆறு மாடியானது. ரோட்டை அகலப்படுத்தி, சாக்கடையைப் புதிதாகக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி. தாமான்காரர்கள் விருந்து வைத்தார்கள். கலாதேவி போகவில்லை. வீடுகள் குறைந்ததில் ராக்காயியின் பெயர் காத்திருப்போர் பட்டியலுக்குத் தள்ளப்பட்டிருந்தது.

வீடு கேட்டு ராக்காயி தர வேண்டிய மேல்முறையீட்டைக் கலாதேவியே எழுதித் தருவதாகச் சொல்லியனுப்பினார். வாங்கிக்கொள்ளப் பிரமிளா வந்தாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. வாசல் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்று, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்துப் பார்த்த பிறகே அதை மடித்துப் பையில் வைத்தாள்.