பிணைமுறிக்காரர் கொலின்ஸ்

தலைமன்னாரில் ஒருவர் விடிந்ததும் கடலைப் பார்க்காமல் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றால், ஒன்றில் அவருக்கு வெளிநாட்டில் பிள்ளை இருக்கவேண்டும், அல்லது அவர் கொலின்ஸாக இருக்கவேண்டும். கொலின்ஸுக்கு வெளிநாட்டில் யாரும் இல்லை. அவர் பார்ப்பது தன்னுடைய நிதியத்தின் விலையை. அந்த விலை மாலையில்தான் வெளியாகும் என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் காலையிலும் பார்ப்பார். நேற்றைய விலை இரவில் மனம் மாறியிருக்கலாம் அல்லவா?

அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொண்ணூறாம் ஆண்டு தாய் தகப்பனோடு படகேறி இந்தியாவில் மண்டபம் அகதி முகாமுக்குப் போனார். திரும்பி வந்து, நண்டு வாங்கி ஏற்றுமதி செய்யும் ஒரு கொம்பனியில் ஐம்பத்தைந்து வயதுவரை தராசுக்குப் பக்கத்தில் நின்றார். நண்டுக்கு உயிர் இருக்கிறதா, கால் முழுதாக இருக்கிறதா, உள்ளே சதை இருக்கிறதா அல்லது வெறும் தண்ணீரா என்று பார்த்து விலை சொல்வது அவருடைய வேலை. எதையும் நம்பாதே என்று அந்த வேலை அவருக்குப் படிப்பித்தது. மீன்பிடிகாரரை நம்பமாட்டார். முதலாளியை நம்பமாட்டார். செத்த நண்டை நம்பமாட்டார். உயிருள்ள நண்டை அறவே நம்பமாட்டார். இப்படி ஆயுள் முழுக்கச் சந்தேகத்தைச் சேமித்து வைத்தவர், ஓய்வு பெற்றதும் கைக்கு வந்த சேமலாப நிதியைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தது அரசாங்கத்துக்கு. அதுவும் எந்த ஆண்டில்? வெளிநாட்டுக் கடனைக் கட்ட எங்களிடம் காசு இல்லை என்று அரசாங்கமே உலகத்துக்கு அறிவித்த ஆண்டில்.

நேராகப் போய்க் கொடுக்கவில்லை. அரசாங்கம் கடன் வாங்கும்போது எழுதிக் கொடுக்கும் பத்திரத்துக்குப் பிணைமுறி என்று பெயர். பலருடைய காசைத் திரட்டி இந்தப் பிணைமுறிகளை வாங்கி வைத்திருக்கும் நிதியங்கள் கொழும்பில் இருக்கின்றன. யூனிற் ட்ரஸ்ட் என்பார்கள். அதில் ஒரு பங்கை நீங்கள் வாங்கலாம், விற்கலாம், பிடிக்காவிட்டால் ஒரு நிதியத்திலிருந்து இன்னொரு நிதியத்துக்கு மாற்றலாம். தரகர் நிறுவனம் ஒன்றில் ஒரு கணக்கும் ஒரு கைத்தொலைபேசியும் இருந்தால் போதும். கொலின்ஸிடம் இரண்டும் இருந்தன. போதாததற்கு, அந்த நிறுவனத்தில் தமிழ் பேசக்கூடிய றொஷேல் என்ற பிள்ளையும் இருந்தது. கிழமைக்குக் கிழமை அவளுக்கு அழைப்பெடுத்து நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றி அவர் விளக்கம் சொல்வார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வேற ஏதும் உதவி வேணுமா அங்கிள்?" என்பாள்.

இந்த வியாபாரத்தின் அடிப்படையை மனைவி ஜூலியட்டுக்கு விளக்க அவர் ஒரே ஒருமுறை முயன்றார்.

"நாட்டில வட்டி ஏறினா, எங்கட யூனிற்றின்ர விலை இறங்கும். வட்டி இறங்கினா விலை ஏறும். விளங்குதே?"

"அப்ப நாங்கள் என்னத்துக்கு மண்டாடுறது? வட்டி ஏறோணும் எண்டோ, இறங்கோணும் எண்டோ?"

"வாங்கேக்க ஏறி நிக்கோணும். வாங்கின பிறகு இறங்கோணும்."

"கடவுளுக்கு உங்கட ஒரு ஆளின்ர வேலைதான் கிடக்குதாக்கும்," என்று சொல்லிவிட்டு ஜூலியட் மீனை வெட்டப் போனாள்.

ஆனால் கடவுளுக்கு அந்த வருடம் வேறு வேலை இல்லைப் போலிருக்கிறது. கொலின்ஸ் வாங்கும்போது வட்டி உச்சத்தில் நின்றது. அடுத்த வருடம் மளமளவென்று இறங்கியது. யூனிற்றின் விலை ஏறியது. இதைச் சாதாரண மனிதர் அதிர்ஷ்டம் என்பார்கள். கொலின்ஸ் ஆய்வு என்றார். அன்றிலிருந்து அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒரு அமைச்சர் இருமினால் நீண்டகால நிதியத்திலிருந்து குறுங்கால நிதியத்துக்கு மாறுவார். இருமல் நின்றால் திரும்ப மாறுவார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நிறுவனம் ஒரு சிறு கழிவு எடுத்துக்கொள்ளும். ஆய்வு நடந்துகொண்டே இருந்தது. லாபம் மட்டும் முதல் வருடத்தோடு நின்றுவிட்டது.

ஒரே ஒரு சிக்கல். தலைமன்னாரில் கடற்கரைப் பக்கம் நான்கு அடி வைத்தால் கைத்தொலைபேசி இந்தியாவின் அலையைப் பிடித்துக்கொண்டு, இந்தியாவுக்கு நல்வரவு என்று சொல்லும். அந்த நேரத்தில், ஒவ்வொரு மாற்றத்தையும் உறுதிப்படுத்தத் தரகர் அனுப்பும் ரகசிய எண் நடுக்கடலில் எங்கேயோ தொலைந்துவிடும். அதனால் கணக்கை இரண்டு பேர் பெயரிலும் திறந்து, ரகசிய எண் ஜூலியட்டின் கைத்தொலைபேசிக்கு வரும்படி செய்திருந்தார். அது எப்போதும் குசினியில் உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கும். கொழும்புச் சந்தையில் கொலின்ஸ் என்ன செய்வதென்றாலும், குசினியிலிருந்து ஜூலியட் ஆறு இலக்கங்களை உரத்து வாசிக்கவேண்டும். பக்கத்து வீடுகளுக்கும் கேட்கும்.

பிணைமுறி என்ற சொல்லை ஊர் அதற்குமுன் செய்தியில் மட்டுமே கேட்டிருந்தது. அதுவும் தனியாக அல்ல. பின்னால் மோசடி என்ற சொல்லும் சேர்ந்தே வரும். ஆனால் பிணை என்றால் என்னவென்று ஊருக்கு நன்றாகவே தெரியும். பிடிபட்டவனை நீதிமன்றத்தில் வெளியே எடுக்க இன்னொருவர் நிற்பது. கரையோரத்தில் அது எல்லோருக்கும் ஒருநாள் தேவைப்படும். ஆகவே கொலின்ஸ் வீட்டில் கட்டுக்கட்டாகப் பிணை வைத்திருக்கிறார், கொழும்பில் இருந்து எடுப்பிக்கிறார் என்று ஊர் முடிவுகட்டியது. கொலின்ஸ் அதைத் திருத்த முயலவில்லை. தன்னைப் பற்றி ஊர் பேசுகிறது என்பது அவருக்குப் போதுமாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை சந்தனம் கேற்றைத் திறந்துகொண்டு வந்தாள். பின்வீதிக்காரி. அவளுடைய புருஷன் சிங்கராசா அனுமதிப்பத்திரம் இல்லாமல் கடலட்டை பிடிக்கக் கடலடியில் சுழியோடி, நேவியிடம் பிடிபட்டு, ஒரு கிழமையாக விளக்கமறியல் சிறையில் இருந்தான். நீதவான் பிணை வழங்கிவிட்டார்: இரண்டு பேர், ஆளுக்கு ஐந்து லட்ச ரூபா சரீரப் பிணை. கையில் காசு கட்டத் தேவையில்லை. ஆள் வழக்குத் தவணைக்கு வராமல் ஓடினால்தான் கையெழுத்துப் போட்டவர் கட்டவேண்டும். ஒரு கையெழுத்துக்குச் சந்தனத்தின் தமையன் இருந்தான். மற்றதுக்கு, கிராமசேவகரிடம் வதிவிடக் கடிதம் எடுத்துக்கொண்டு வந்து நிற்க ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் சுவேதினிக்கு முதல்நன்மை, பிள்ளை கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். இந்த வெள்ளி பின்னேரத்துக்குள் யாரும் கையெழுத்துப் போடாவிட்டால் தகப்பன் இல்லாமல்தான் பிள்ளை பீடத்தடிக்குப் போகவேண்டும்.

"அண்ணை, நீங்கள் பிணை எடுத்து வச்சிருக்கிறீங்களாம். அதில ஒண்டை எங்கட இவருக்குத் தாங்கோ."

கொலின்ஸுக்கு விளங்கச் சற்று நேரமெடுத்தது. "பிள்ளை, அது பிணை இல்லை. பிணைமுறி."

"முறிஞ்சதெண்டாலும் பறவாயில்லை அண்ணை. கோட்டில காட்ட ஒண்டு இருந்தாக் காணும்."

கொலின்ஸ் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, அரசாங்கம், கடன், வட்டி, முதிர்வு எல்லாவற்றையும் வரிசையாக விளக்கினார். சந்தனம் முழுவதையும் கேட்டாள்.

"அப்ப அரசாங்கத்தை நம்பிக் காசு குடுத்திருக்கிறீங்கள்."

"ஓம்."

"எங்கட இவர் அரசாங்கத்தைவிட மோசமே அண்ணை?"

கொலின்ஸ் வேறு பக்கத்தால் வந்தார். "ஆள் ஓடிட்டா? அந்தா, இந்தியா கூப்பிடு தூரம்."

"ஓடிப் போய்ப் பாத்திட்டுத்தானே அண்ணை எல்லாரும் திரும்பி வந்தனாங்கள். திரும்பவும் அந்தக் காம்புக்கு ஆர் போறது?"

"யோசிச்சுச் சொல்லுறன்," என்றார் கொலின்ஸ். கடன் கேட்பவரின் தரத்தை ஆராயாமல் அவர் எதையும் செய்வதில்லை. சந்தனம் அழவில்லை. கோவிலடியில் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கொலின்ஸுக்கு அன்று உண்மையிலேயே வேலை இருந்தது. திங்கட்கிழமை வட்டி வீதம் குறைக்கப்படும் என்று அவருடைய ஆய்வு சொன்னது. மதியத்துக்கு முன் நீண்டகால நிதியத்துக்கு மாறினால்தான் அன்றைய விலைக்குக் கிடைக்கும். கைத்தொலைபேசியில் எல்லாவற்றையும் அழுத்திவிட்டுக் குசினிப் பக்கம் திரும்பினார்.

"ஜூலியட், நம்பர் வந்திட்டே?"

"வந்திட்டுது."

"சொல்லு."

"முதல் நீங்கள் சொல்லுங்கோ. கோட்டுக்குப் போறீங்களோ இல்லையோ?"

"அது வேற, இது வேற."

"எனக்கு ரெண்டும் ஒண்டுதான். எங்கட காசு முகம் தெரியாத ஆக்களிட்ட மூண்டு வருசமா நிக்குது. முகம் தெரிஞ்ச மனுசன் மறியலில நிக்குது."

"சரி, யோசிக்கிறன் எண்டுதானே சொன்னனான். முதல் நம்பர் என்ன?"

"நாலு."

"ரெண்டாவது?"

"ரெண்டாவது கிராமசேவகரிட்ட கிடக்கு. போய்க் கடிதத்தை எடுத்துக்கொண்டு வாங்கோ, மிச்சத்தைச் சொல்லுறன்."

அந்த எண் காலாவதியானது. கொலின்ஸ் திரும்ப அழுத்தினார். புது எண் வந்தது. ஜூலியட் அதில் முதல் இலக்கத்தைக்கூடச் சொல்லவில்லை. அரசாங்கங்களின் மனத்தையே படித்துச் சொல்லும் மனிதர், முப்பது வருடம் கூட இருந்தவளின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சேட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டார்.

நீதிமன்றத்தில் பத்திரம் நிரப்பிய எழுதுவினைஞர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "தொழில்?"

"முதலீட்டாளர்."

"அப்பிடி ஒண்டு இதில இல்லை. கடற்தொழிலோ, கமமோ, கூலியோ?"

கொலின்ஸ் கைத்தொலைபேசியைத் திறந்து தன்னுடைய கணக்கைக் காட்டினார். எழுதுவினைஞர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"என்ன இது?"

"அரசாங்கத்துக்குக் கடன் குடுத்திருக்கிறன்."

"நானும்தான். போன வருசத்து மேலதிக நேரக் காசு இன்னும் வரேல்லை," என்றார் எழுதுவினைஞர். பின்னால் நின்ற சட்டத்தரணிகள் இருவர் சிரித்தார்கள். தொழில் என்ற இடத்தில் அவர் ஒரு கோடு கீறினார். கிராமசேவகரின் கடிதத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, "அடுத்த தவணைக்கு ரெண்டு பிணைக்காரரும் வரோணும். வராட்டி நீதவான் கேப்பார்," என்றார். கொலின்ஸ் கையெழுத்துப் போட்டார். வட்டி இல்லை, முதிர்வுத் திகதி இல்லை, சந்தையில் விற்கவும் முடியாது. அவருடைய வாழ்நாளில் இப்படியொரு முதலீட்டை அவர் செய்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை சுவேதினி வெள்ளைச் சட்டையும் தலையில் வலைத்துணி நெட்டுமாகப் பீடத்தடிக்குப் போனாள். பக்கத்தில் சிங்கராசா, மறியலில் மெலிந்ததால் தொளதொளத்த நீளக் காற்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடந்தான். பூசை முடிந்து வெளியே வந்ததும் சந்தனம் மற்றப் பெண்களிடம், "அண்ணையிட்ட ஒண்டு மிச்சம் இருந்தது, தந்தவர்," என்று சொல்வது கொலின்ஸுக்குக் கேட்டது. திருத்துவதா விடுவதா என்று யோசித்தார். விட்டுவிட்டார். திங்கட்கிழமை வட்டி வீதம் அசையவில்லை. வெள்ளிக்கிழமை கோட்டுக்குப் போகாமல் நிதியத்தை மாற்றியிருந்தால், கழிவு கட்டியதுதான் மிச்சமாக இருந்திருக்கும். இதை ஜூலியட்டிடம் சொல்லவேண்டிய அவசியத்தை அவர் காணவில்லை.

ஆனால் அவருடைய நிம்மதி அதோடு போயிற்று. யூனிற் விலை நாளுக்கு ஒருமுறைதான் மாறும். சிங்கராசா மணிக்கு மணி மாறுகிறவன். அவன் வலையோடு வெளிக்கிட்டால் கொலின்ஸ் வேலியில் நிற்பார்.

"எங்க தம்பி?"

"கடலுக்கண்ணை."

"எந்தப் பக்கம்?"

"மீன் நிக்கிற பக்கம்."

"கனதூரம் போகாத. அஞ்சு லட்சம்."

"அண்ணை, என்ர படகையும் எஞ்சினையும் என்னையும் சேத்து வித்தாலும் அஞ்சு லட்சம் வராது. நீங்கள் ஒராள்தான் எனக்கு இவ்வளவு விலை போட்டிருக்கிறீங்கள்," என்பான் சிங்கராசா. அவன் திரும்பி வரும்வரை கொலின்ஸ் வேலியை விட்டு அசையமாட்டார். வந்ததும் ஒரு மீனைக் கொண்டுவந்து கொடுப்பான். கொலின்ஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஜூலியட்டிடம் கொடுப்பார். "வட்டி வந்திருக்கு," என்பாள் அவள்.

தவணை நாள் வந்தது. அன்று காலை ஏழரைக்கு வட்டி வீத அறிவிப்பும் இருந்தது. கொலின்ஸ் விடியவே குளித்து, சேட்டுப் போட்டு, சிங்கராசா வீட்டுக்கு இருமுறை போய், "ஓடிடாத, பஸ்ஸில ஒண்டாப் போவம்," என்று சொல்லிவிட்டு வந்து கைத்தொலைபேசியோடு உட்கார்ந்தார். அறிவிப்பு பிந்தியது. வந்ததும் அதை வாசித்தார், விளங்கவில்லை, திரும்ப வாசித்தார். றொஷேலுக்கு அழைப்பெடுத்தார். நிமிர்ந்து பார்த்தபோது பஸ் போய்விட்டிருந்தது. சிங்கராசாவின் வீடு பூட்டிக் கிடந்தது.

ஓட்டோ ஒன்றைப் பிடித்து, பேசாலை தாண்டும்வரை சாரதியை ஏசிக்கொண்டே மன்னாருக்குப் போனார். ஆள் ஓடிவிட்டான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வழிநெடுகிலும் இடைவெளி கண்ட இடத்திலெல்லாம் கடலைப் பார்த்தார். நீதிமன்ற வாசலில் இறங்கியபோது உள்ளே அவருடைய பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கொலின்ஸ் எண்டவர் எங்க?" என்று எழுதுவினைஞர் கேட்டார். "பிணை நிண்ட ஆளைக் காணேல்லை."

"வருவார் ஐயா," என்றது சிங்கராசாவின் குரல். தலை சீவி, வெள்ளைச் சேட்டுப் போட்டு, எல்லோருக்கும் முன்னால் நின்றான். "தெரிஞ்ச மனுசன். எங்கயும் ஓடமாட்டார். அவருக்கு நான் பொறுப்பு."

கொலின்ஸ் வியர்வையோடு உள்ளே நுழைந்தார். சிங்கராசா திரும்பிப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்:

"என்ன அண்ணை நீங்கள், நேரத்துக்கு வாறதில்லையே? இவ்வளவு ஆக்களுக்கு முன்னால என்ர மானம் போகுது."