கன்னியம்மா அக்காவும் முருங்கைக்கீரையும்

வகுப்பில் இருந்தபோது முட்டுக்காட்டிலிருந்து போன் வந்தது. கன்னியம்மா அக்காவின் மகன். "டீச்சர், அம்மா தூக்கத்துலயே போய்ட்டாங்க." பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்றும் பாராமல் அழுதுவிட்டேன். செங்கல்பட்டில் மாதாமாதம் ரத்தப் பரிசோதனைக்கு வரிசையில் நிற்கும் உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும்.

நம் எல்லோருக்கும் இதயத்தில் செயற்கை வால்வு. அதில் ரத்தம் உறையக் கூடாதென்று தினமும் மாத்திரை. மாத்திரை சரியாக வேலை செய்கிறதா என்பதைப் பரிசோதனை ஓர் எண்ணாகச் சொல்லும். எண் குறைந்தால் ரத்தம் உறைந்துவிடும். கூடினால், காயம் பட்டால் ரத்தம் நிற்காது. முதல் நாள் வரிசையில் நான் பயந்ததைப் பார்த்து அக்கா, "இன்னா டீச்சர், பரீட்சைக்கு நீங்களே பயந்தா புள்ளைங்க கதி இன்னாவுறது?" என்றார்.

அந்தப் பரீட்சைக்கு அவரிடம் ஒரு குறுக்குவழி இருந்தது. கீரை அந்த எண்ணைக் குறைத்துவிடும். அதனால் ஒரு வாரம் முன்பே கீரையை நிறுத்திவிடுவார். எண் அழகாக வரும், டாக்டர் பாராட்டி மாத்திரையைக் கூட்டாமல் விட்டுவிடுவார். நாமும் அதையே செய்தோம். ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றிய நாட்களில் அக்கா முருங்கைக்கீரையை ஆசை தீரச் சாப்பிட்டார். ஒரு காலை வாய் கோணிப் பேச்சு குழறியது. வால்வில் உறைந்த ரத்தத் துணுக்கு மூளைக்குப் போயிருந்தது.

பிழைத்து வந்தவர் நம்மையெல்லாம் டாக்டர் முன் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். "இவங்கள திட்டாத சாரு. நான்தான் சொல்லிக் குட்த்தேன். கீரைய நிறுத்திட்டு வந்து உனக்குப் பொய் ரத்தம் குட்த்துகினு இருந்தோம்."

டாக்டர் திட்டவில்லை. "கீரை சாப்பிடுங்கம்மா. தினமும் ஒரே அளவா சாப்பிடுங்க. அதுக்கேத்த மாதிரி மாத்திரையை நான் மாத்திக்கிறேன்" என்றார்.

கீரையை நிறுத்தாமல் ரத்தம் கொடுத்தபோது என் எண் பயப்படும் அளவுக்குக் குறைந்திருந்தது. மாத்திரையைக் கூட்டினார்கள். என் மகள் அப்போது கைக்குழந்தை. அக்கா வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவள் அம்மா இல்லாமல் வளர்ந்திருப்பாள்.

அதன்பின் வரிசைக்குப் புதிதாக யார் வந்தாலும் அக்கா விடமாட்டார். "துன்னத மறைக்காம சொல்லு. டாக்டரு இன்னா ஒன் மாமியாரா?"

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, மறைக்காமல் சொல்லும் அந்தப் பழக்கம்தான். இந்த மாதம் எண் தாறுமாறாக வந்தது. என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். அக்கா போனதிலிருந்து சோறு இறங்கவில்லை என்று சொன்னேன்.