மருமகளுக்கு ஒரு புளிச்ச சூப்

மருமகள் போலந்துக்காரி. வயிற்றில் பிள்ளை வந்ததிலிருந்து அவளுக்கு ஒன்றும் தங்கவில்லை. என் மனைவியின் ரசம் போன வேகத்தில் திரும்பி வந்தது. நான் அவித்த புட்டுக்கு அந்தச் சிரமமும் இல்லை, கண்டவுடனேயே குளியலறைக்கு ஓடினாள். மகன் வேலையாக லியோனில் நின்றான். நிறை குறைகிறது என்று டொக்டர் எச்சரித்த அன்று, அவள் மெல்லக் கேட்டாள். ஊரில் அம்மா வைக்கிற புளிச்ச சூப், ஜூரெக், இங்கே கிடைக்குமா?

"இது பாரிஸ் பிள்ளை! கிடைக்காத சாமான் இருக்கோ?" என்றேன். எனக்குப் பாரிஸில் எங்கள் ஆட்கள் கடை போட்டிருக்கிற லா சப்பல் தெரியும். மிச்சத்தை மெத்ரோ ரயில் வரைபடத்தில் பார்த்திருக்கிறேன்.

அங்கே ரூ பெர்தொனே தெருவில் நான் வேலை செய்யும் கடையில் விசாரித்தேன். முருங்கைக்காய் அடுக்கிக்கொண்டிருந்த கூட்டாளி நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"அண்ணை, எங்கடை கடையிலை மல்லி எங்கை கிடக்கெண்டு உங்களுக்கு இன்னும் பிடிபடேல்லை. போலந்துச் சாமான் தேடப் போறியளோ?"

ரோஷத்தில் பெரிய சுப்பர்மார்க்கெட் ஒன்றுக்குப் போய், ஐஸ் பெட்டிக்குள் கிடந்த போலந்துப் பியரோகியை அள்ளி வந்தேன். நம்முடைய கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட சகோதரம். மருமகள் அரைவாசி கடித்துவிட்டு, "மெர்சி மாமா" என்று நன்றி சொன்னாள். மரணவீட்டில் சொல்வதைப் போல அவ்வளவு மரியாதையாக. மீதியை நான்தான் தின்று தீர்த்தேன்.

அன்றைக்குத்தான் மூளை வேலை செய்தது. நாங்கள் கோயில் வைத்த இடத்தில்தானே கறிவேப்பிலையும் விற்கிறோம்? அவளிடம் கேட்டேன்: "பிள்ளை, உங்கடை ஆக்கள் எந்தச் சேர்ச்சுக்குப் போவினம்?"

அடுத்த நாள் காலை அங்கே போனேன். சேர்ச்சுக்குப் பின் சந்தில் ஒரு சின்னக் கடை! வாசலிலேயே புகை போட்ட இறைச்சி மணம். எனக்கு உள்ளே ஓடவேண்டும் போல இருந்தது, ஓடியும் விட்டேன். "ஜூரெக்!" என்று கத்தியதில் கடைக்காரம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டார். பிறகு ஒரு கலங்கல் போத்தலைத் திறந்து என் மூக்கருகே பிடித்தார். கறுப்புப் பாண் சுடுகிற மாவைத் தண்ணீரில் கரைத்து நாட்கணக்கில் புளிக்க வைத்த, சூப்புக்கான கரைசல். அட, எங்கள் தோசை மா புளிக்கிற அதே மணம்! அந்நிய நாட்டில் சொந்தக்காரனைக் கண்ட மாதிரி நான் சிரிக்க, அவரும் சிரித்து, "இதுவும் வேணும்" என்று நீட்டு சொசேஜ் ஒன்றைச் சுற்றித் தந்தார்.

மெத்ரோவில் போத்தலைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கதவைத் திறந்த மனைவி பையை எட்டிப் பார்த்தாள்.

"இண்டைக்கு என்ன கிழமை?"

சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை.

"மச்ச மாமிசம் இண்டைக்கு இந்த அடுப்பிலை ஏறாது. நாளைக்கு வைப்பம்."

"வயித்துப் பிள்ளைக்கு வெள்ளி, செவ்வாய் இருக்கோ? நாளைக்கு வரைக்கும் அவள் என்னத்தைக் குடிக்கிறது?"

"அதுக்கு நீங்கள் வியாழக்கிழமை போயிருக்கலாமே!"

இந்தச் சண்டையைக் கேட்டு மருமகள் எழும்பி வந்தாள். போத்தலை மணந்தாள். குளியலறைப் பக்கம் திரும்பவில்லை! என்ன பிரச்சினை என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் இறைச்சி இல்லை என்று பிரெஞ்சில் தடுமாறிச் சொன்னேன்.

"எங்கள் வீட்டிலும் இல்லையே," என்றாள். "வெள்ளியென்றால் அம்மா உருளைக்கிழங்கும் காய்ந்த காளானும்தான் போடுவா."

மனைவி என்னைப் பார்த்த பார்வையில், முப்பது வருடம் காத்திருந்து சரியான சம்பந்தி கிடைத்த சந்தோஷம். சொசேஜ் பல்கனிக்கு நாடுகடத்தப்பட்டது. காளான் வாங்க என்னைக் கீழே கடைக்குக் கலைத்தார்கள். நான் மூச்சிரைக்கத் திரும்பியபோது மாமியும் மருமகளும் தோளோடு தோள் ஒட்டி நின்று சட்டியைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். மனைவியின் கை கடுகுப் போத்தலுக்குப் போனது. மருமகள் அந்தக் கையை மெதுவாகப் பிடித்து இறக்கிவைத்தாள்.

அவள் குடித்தாள். நாங்கள் இருவரும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கோப்பை காலியானது. நான் குளியலறைக் கதவைத் திறந்து தயாராகப் பிடித்திருந்தேன். அவள் எழும்பவில்லை, கோப்பையை மனைவி பக்கம் நீட்டினாள்.

நான் லியோனுக்குப் போன் எடுத்து, "தங்கிட்டுது! தங்கிட்டுது!" என்று கத்த, மகன் பயந்துபோய் "என்னப்பா, ஆர் தங்கினது?" என்றான்.

மனைவி என் தோளில் தட்டினாள். "கத்தாதேங்கோ. போத்தல் முடியப்போகுது. சப்பாத்தைக் காலிலை போடுங்கோ."